ரிவ்யூவா அப்பீலா? பாகப்பிரிவினை கேஸ்ல தோத்த வாசகிக்கு ஒரு பதில்

பட்டுக்கோட்டை பக்கத்துலேருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க, பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. கடிதத்தோட சுருக்கம் இது:

"வணக்கம் சார். எங்க தாத்தா சொந்தமா சம்பாதிச்சு வாங்கின நஞ்சை கொஞ்சம் இருக்கு. தாத்தா 1961ல தவறிட்டாரு, பாட்டி அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. பெரியப்பா, அப்பா, அத்தைன்னு மூணு பேரு. பெரியப்பா 1968லயே பணம் வாங்கிக்கிட்டு தன் பங்க அப்பாவுக்கு எழுதிக் குடுத்துட்டாருன்னு அப்பா எப்பவும் சொல்லுவாரு, ஆனா பத்திரம் கையில இல்ல. அப்பா காலமான பிறகு பெரியப்பா பசங்க பங்கு கேட்டு முன்சிஃப் கோர்ட்டுல கேஸ் போட்டாங்க, மூணு வாரம் முன்னாடி அவங்க பக்கம் தீர்ப்பாயிடுச்சு. தீர்ப்புக்கு அப்புறம் அத்தை வீட்டு டிரங்க் பெட்டியில அந்த 1968 விடுதலைப் பத்திரம் கெடைச்சிருக்கு, ரிஜிஸ்டர் ஆனது. தீர்ப்புக்குள்ள ஆளுக்கு மூணுல ஒரு பங்குன்னு எழுதிட்டு டிகிரியில, அதாவது தீர்ப்போட முடிவ மட்டும் தனியா எழுதற உத்தரவுல, பெரியப்பா பசங்களுக்கு பாதின்னு டைப் ஆயிருக்கு. எங்க சாட்சி, பக்கத்து வயக்காரரு எம்பது வயசு பெரியவரு, அவரு சொன்னத ஜட்ஜ் நம்பவே இல்ல. ரிவ்யூ போட்டா அதே கோர்ட்டுலயே மாத்திடலாம், அப்பீல்னா வருஷக்கணக்கா இழுக்கும்னு ஊர்ல ஒருத்தரு சொல்றாரு. பேப்பர்ல சீராய்வு மனு, மறுசீராய்வு மனு, மேல்முறையீடுன்னு போடுறாங்களே எல்லாம் ஒண்ணா வேற வேறயா? தம்பிக்கு செக் கேஸ்ல தண்டனை ஆயிருக்கு, அதுக்கும் ரிவ்யூ போடலாமா?"

அம்மா, வணக்கம். மத்த விளக்கமெல்லாம் கீழ வருது, அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, இன்னைக்கே செய்ய வேண்டியது. தீர்ப்புக்கும் டிகிரிக்கும் சர்டிஃபைடு காப்பி கேட்டு கோர்ட்டுல நகல் மனு போட்டாச்சான்னு உங்க வக்கீல்கிட்ட கேளுங்க, போடலன்னா உடனே போடச் சொல்லுங்க. முன்சிஃப் கோர்ட் தீர்ப்ப எதிர்த்து அப்பீல் போக உங்களுக்கு இருக்கறது 30 நாள்தான், அதுல மூணு வாரம் போயிடுச்சு. நகல் மனு போட்ட நாள்லேருந்து காப்பி ரெடியாகற வரைக்கும் ஆகற நாள லிமிட்டேஷன் சட்டம், அதாவது காலவரம்புச் சட்டம், அந்த 30 நாள் கணக்குல சேக்காது, அது உங்களுக்கு கெடைக்கிற சலுகை, ஆனா மனுவே போடாம சும்மா இருந்த நாளுக்கு அந்த சலுகை கெடையாது. ரிவ்யூ போறதா அப்பீல் போறதான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடியே இத செஞ்சுடணும், ரெண்டுக்குமே அந்த காப்பி வேணும், ரெண்டுக்குமே கெடு 30 நாள்தான்.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். பேப்பர்ல வர்ற வார்த்தைங்க உங்களுக்கு குழப்பமா இருக்கறதுல ஆச்சரியமே இல்ல, ஏன்னா சீராய்வு மனுங்கற ஒரே பேர்ல ரெண்டு வேற வேற விஷயத்த போடுறாங்க. சுப்ரீம் கோர்ட்டு சமாச்சாரமா இருந்து "சீராய்வு மனு தள்ளுபடி"ன்னு வந்தா பெரும்பாலும் அது ரிவ்யூ, அதாவது தீர்ப்பு சொன்ன அதே கோர்ட்டுகிட்டயே போய் "உங்க தீர்ப்புல பிழை இருக்கு, மறுபடி பாருங்க"ன்னு கேக்கறது. ஹைகோர்ட்டு சமாச்சாரமா இருந்து "குற்றவியல் சீராய்வு மனு", "உரிமையியல் சீராய்வு மனு"ன்னு வந்தா அது ரிவிஷன், கீழ் கோர்ட்டு தன் அதிகாரத்த மீறிடுச்சு இல்ல சட்டப்படி நடக்கலன்னு மேல் கோர்ட்டுகிட்ட சொல்றது. இந்த குழப்பத்துக்காகவே சில பேரு ரிவ்யூவ மறுஆய்வுன்னோ மறுசீராய்வுன்னோ எழுதுறாங்க, ஆனா எல்லாரும் ஒரே மாதிரி எழுதறதில்ல. அதனால பேர வச்சு முடிவு பண்ணாம, மனு எந்த கோர்ட்டுக்கு போகுது, அதே கோர்ட்டா மேல் கோர்ட்டான்னு பாருங்க, புரிஞ்சிடும். அப்பீல், அதாவது மேல்முறையீடு, இது மூணுலயும் பெருசு. மேல் கோர்ட்டு சாட்சி, ஆவணம், சட்டம் எல்லாத்தையும் முதல்லேருந்து எடை போட்டு பாக்கலாம், கீழ் கோர்ட்டு ஒரு சாட்சிய நம்பினது தப்புன்னு கூட சொல்லலாம்.

ரிவ்யூவுக்கு அவ்வளவு இடம் கிடையாது. சிவில் ப்ரொசீஜர் கோட்ல, அதாவது உரிமையியல் நடைமுறைச் சட்டத்துல, 114வது பிரிவும் ஆர்டர் 47ம்தான் ரிவ்யூவுக்கானது, அதுல சொல்லியிருக்கற காரணம் மூணே மூணு. நீங்க எவ்வளவு முயற்சி எடுத்தும் அப்போ உங்களுக்கு தெரியாம போன, இல்லன்னா அப்போ தாக்கல் பண்ண முடியாம போன முக்கியமான ஆவணமோ விஷயமோ புதுசா கெடைச்சிருக்கணும். இல்லன்னா தீர்ப்ப பாத்த மாத்திரத்துல கண்ணுல படற பிழை இருக்கணும். மூணாவது "வேறு போதுமான காரணம்"னு இருக்கு, அத கேட்டதும் எதை வேணா அதுல சொருகிடலாம்னு தோணும், ஆனா பிரிட்டிஷ் காலத்துல உச்ச கோர்ட்டா இருந்த பிரிவி கவுன்சில் 1922லயே அதுக்கு வேலி போட்டுடுச்சு, முதல் ரெண்டு காரணத்தோட ஒத்துப்போற மாதிரி இருந்தாதான் அது செல்லும்னு. இந்த ரெண்டாவது காரணத்துலதான் நெறைய பேரு வழுக்குறாங்க. பக்கம் பக்கமா வாதம் பண்ணி, இந்த சாட்சிய அந்த சாட்சியோட ஒப்பிட்டு, கடைசியில "ஆமா ஜட்ஜ் தப்பா முடிவு பண்ணிட்டாரு போல"ன்னு வந்து சேந்தா அது கண்ணுல படற பிழை ஆகாது. யோசிச்சு கண்டுபிடிக்க வேண்டியிருக்கற பிழை ரிவ்யூவுக்கு ஆகாது, ரிவ்யூங்கற பேர்ல அப்பீல் நடத்த முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 1997ல பார்சன் தேவி கேஸ்ல தெளிவா சொல்லியிருக்கு, இன்னைக்கும் ரிவ்யூ மனு தள்ளுபடி ஆகற தீர்ப்புகள்ல அந்த கேஸ அடிக்கடி காட்டுறாங்க.

உங்க கடிதத்துல மூணு குறை இருக்கும்மா. நீங்க மூணையும் சேத்து ரிவ்யூ போடலாமான்னு கேக்கறீங்க, ஆனா மூணுக்கும் மருந்து வேற வேற.

பெரியவரு சாட்சிய ஜட்ஜ் நம்பலங்கறத முதல்ல எடுத்துக்குவோம், இது சின்ன விஷயம், சீக்கிரம் முடிச்சிடலாம். இதுக்கு ரிவ்யூ கிடையவே கிடையாது. யார நம்பறது யார நம்பாம இருக்கறதுங்கறது ஜட்ஜோட முடிவு, அந்த முடிவு தப்புன்னா அப்பீல்லதான் சொல்லணும். அப்பீல்ல நல்லாவே சொல்லலாம், பெரியவரோட முதல் விசாரணை, குறுக்கு விசாரணை ரெண்டோட காப்பியும் எடுத்து வச்சுக்குங்க.

அடுத்தது மூணுல ஒண்ணு, பாதின்னு வந்த குழப்பம். இதுக்கு ரிவ்யூ அளவுக்கு கூட போக வேண்டியதில்லாம இருக்கலாம். தீர்ப்போட கடைசி பாராவ எடுத்து படிங்க, "வாதிகளுக்கு 1/3 பங்கு"ன்னு அங்க சரியா இருந்து, ஆஃபீஸ்ல டிகிரி தயாரிக்கறப்போ மட்டும் பாதின்னு தப்பா விழுந்திருந்தா அது எழுத்துப் பிழை, கணக்குப் பிழை வகை. அதே சிவில் ப்ரொசீஜர் கோட் 152வது பிரிவுல ஒரு சின்ன மனு போட்டா அதே கோர்ட்டு டிகிரிய தீர்ப்புக்கு ஏத்த மாதிரி திருத்திக் குடுத்துடும், அதுக்கு காலக்கெடுவும் கிடையாது. ஆனா தீர்ப்போட நடுவுல 1/3ன்னு கண்டுபிடிச்சிட்டு கடைசி பாராவுலயும் ஜட்ஜே பாதின்னு சொல்லியிருந்தா கதை கொஞ்சம் மாறும். அப்பவும் 152ல கேட்டுப் பாக்கலாம், எதிர்தரப்பு இது எழுத்துப் பிழை இல்ல ஜட்ஜோட முடிவுன்னு சண்டை போட்டா, பாத்த மாத்திரத்துல தெரியற பிழைக்கு இத விட நல்ல உதாரணம் கெடைக்காது. மூணு பிள்ளைங்க, தாத்தா சுயசம்பாத்தியம், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு உயில் எழுதாம இறந்திருக்காரு, மகன் மகள் எல்லாருக்கும் சம பங்கு, ஜட்ஜே அத எழுதியும் இருக்காரு, அப்புறம் பாதி எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு வரியில கேட்டுடலாம். வாதமே தேவைப்படாத இந்த மாதிரி பிழைக்குத்தான் ரிவ்யூ. உங்க அத்தைக்கும் இதுல பங்கு அடிபடுது, அவங்களும் பிரதிவாதியா இருந்தா அவங்களும் சேந்து கேக்கணும்.

இப்போ பத்திரம். உங்க கேஸோட உயிரே இதுலதான் இருக்கு, அதனால இத கொஞ்சம் நிதானமா பாக்கணும்.

ஊர்ல சொன்னவரு "புது ஆவணம் கெடைச்சா ரிவ்யூ போடலாம்"னு சொல்லியிருப்பாரு, அது பாதி உண்மை. புதுசா கெடைச்சா போதாது, ஏன் அப்போவே கெடைக்கலங்கறத நீங்க கண்டிப்பா நிரூபிக்கணும், ஆர்டர் 47ல அதுக்குன்னு தனி விதியே இருக்கு, கறாரான நிரூபணம் இல்லாம இந்த காரணத்துல ரிவ்யூ அனுமதிக்கக் கூடாதுன்னு. உங்க அஃபிடவிட்ட, அதாவது சத்தியம் பண்ணி குடுக்கற வாக்குமூலத்த, வச்சுக்கிட்டு எதிர்தரப்பு வக்கீல் என்ன கேப்பாருன்னு சொல்றேன் பாருங்க. உங்க அப்பா பத்திரத்தப் பத்தி எப்பவும் சொல்லுவாருன்னு நீங்களே சொல்றீங்க, அப்போ பத்திரம் ஒண்ணு இருக்குன்னு உங்களுக்கு கேஸ் போட்ட அன்னைக்கே தெரியும்தானே? ரிஜிஸ்டர் ஆன பத்திரம்னா சப்-ரிஜிஸ்ட்ரார் ஆஃபீஸ்ல பதிவு இருக்குமே, ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டு பாத்தீங்களா? 1968க்கு தேடச்சொல்லி மனு குடுத்தீங்களா? அங்க சர்டிஃபைடு காப்பி வாங்கியிருக்கலாமே? டிரங்க் பெட்டி உங்க அத்தை வீட்டுலதானே இருந்துச்சு, கேஸ் நடந்த இத்தனை வருஷத்துல ஒரு தடவயாவது அவங்ககிட்ட கேட்டீங்களா? இந்த கேள்விக்கெல்லாம் உங்ககிட்ட நேர்மையான பதில் இருந்தா நல்லது. உதாரணத்துக்கு நீங்க முன்னாடியே ஈசி போட்டு சர்வே நம்பர் மாறினதாலயோ பழைய இண்டெக்ஸ் கிழிஞ்சு போனதாலயோ கெடைக்கலன்னு ஆஃபீஸ்ல எழுதிக் குடுத்திருந்தா அந்த ஒரு பேப்பர் உங்கள காப்பாத்தும். எதுவுமே செய்யலன்னா ரிவ்யூ ரொம்ப கஷ்டம்மா, அத மறைக்க நான் விரும்பல.

இன்னொன்னு பாக்கணும், உங்க பதிலுரையில, அதாவது ரிட்டன் ஸ்டேட்மென்ட்ல, இந்த 1968 விடுதலையப் பத்தி ஒரு வரியாவது இருக்கா? "பெரியப்பா பணம் வாங்கிக்கிட்டு பங்க விட்டுக்குடுத்துட்டாரு"ன்னு அங்க சொல்லியிருந்தா இப்ப வந்த பத்திரம் அதுக்கு ஆதாரமா ஒட்டிக்கும். சொல்லவே இல்லன்னா பதிலுரையையே திருத்த அனுமதி கேக்க வேண்டி வரும், அது இன்னொரு போராட்டம். உங்க வக்கீல்கிட்ட அந்த காப்பிய வாங்கி நீங்களே உக்காந்து படிங்க, தமிழ்ல இல்லன்னா அவர படிச்சு சொல்லச் சொல்லுங்க, அது உங்க உரிமை.

அப்போ பத்திரத்துக்கு வழியே இல்லையான்னா இருக்கு, அது அப்பீல்ல இருக்கு. சிவில் ப்ரொசீஜர் கோட்ல ஆர்டர் 41 ரூல் 27னு ஒண்ணு, அப்பீல் கோர்ட்டுல கூடுதல் ஆவணம் தாக்கல் பண்றதுக்கான வழி. அங்கயும் "முயற்சி எடுத்தும் கெடைக்கல"ங்கற காரணம் இருக்கு, ஆனா அதோட நிக்கல, சரியான தீர்ப்பு சொல்ல இந்த ஆவணம் தனக்கு தேவைன்னு அப்பீல் கோர்ட்டே நெனச்சா அதுக்காகவும் அனுமதிக்கலாம்னு இன்னொரு கதவும் தெறந்து இருக்கு. ரிவ்யூவுல அந்த கதவு இல்ல. சொத்து யாருக்குங்கறதையே முடிவு பண்ற ரிஜிஸ்டர் பத்திரம், அதுவும் 30 வருஷத்துக்கு மேல பழசு, வர வேண்டிய இடத்துலேருந்து வந்ததுன்னா அதுல இருக்கற கையெழுத்து உண்மையானதுன்னு கோர்ட்டு அனுமானம் பண்ணிக்கவும் சட்டத்துல இடம் இருக்கு. அதனால என் கருத்து என்னன்னா, உங்க பத்திரத்துக்கு, முன்சிஃப் கோர்ட்டுக்கு மேல இருக்கற சப் கோர்ட்டுல அப்பீலும் அதோட சேத்து ரூல் 27 மனுவும்தான் சரியான வழி. அப்பீல் மனுவுலயே அந்த பாதிப் பங்கு தப்பையும், பெரியவரு சாட்சியையும் காரணமா சேத்துடலாம், ஒரே இடத்துல எல்லாம் வந்துடும்.

ஊர்ல சொன்ன யோசனையில எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கறது எதுன்னா, ரிவ்யூ போட்டுட்டு அது முடியட்டும்னு காத்திருக்கறது. நெறைய குடும்பங்க இப்படித்தான் அப்பீல கோட்ட விடுறாங்க. நீங்க ரிவ்யூ போடுறீங்க, நோட்டீஸ், வாய்தா, கவுன்ட்டர்னு எட்டு மாசம் போகுது, கடைசியில தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி உத்தரவ எதிர்த்து அப்பீல் கிடையாது, மறுபடி ஒரு ரிவ்யூவும் கிடையாது, ரெண்டையும் ஆர்டர் 47லயே அடைச்சு வச்சிருக்காங்க. சரி இப்போ முதல் தீர்ப்ப எதிர்த்து அப்பீல் போறேன்னு கெளம்பினா உங்க 30 நாளு எப்பவோ முடிஞ்சு போயிருக்கும், ஏன்னா ரிவ்யூ தள்ளுபடி ஆனா பழைய தீர்ப்பு பழைய தேதியோடயே நிக்கும், தள்ளுபடி ஆன நாள்லேருந்து புதுசா கணக்கு ஆரம்பிக்காது. அப்புறம் லிமிட்டேஷன் சட்டம் 5வது பிரிவுல தாமதத்த மன்னிக்கச் சொல்லி மனு போட்டு, ரிவ்யூவ நல்ல எண்ணத்தோடதான் நடத்தினோம்னு சொல்லி கெஞ்சணும். கோர்ட்டுங்க பல நேரம் மன்னிக்கிறாங்க, ஆனா அது ஜட்ஜோட விருப்பம், உங்க உரிமை இல்ல. ரிவ்யூ ஜெயிச்சு தீர்ப்பு மாறினா அப்போ கதை வேற, மாறின தீர்ப்புலேருந்து நாள் ஓடும். ஆனா ஜெயிப்போம்னு நம்பி கையில இருக்கற அப்பீல் உரிமைய பணயம் வைக்கக் கூடாது.

அதே மாதிரி மறுபக்கமும் இருக்கு, அப்பீல் போட்டுட்டு அதுக்கு அப்புறம் ரிவ்யூவும் போடுறேன்னு போக முடியாது, அப்பீல் போகாத தீர்ப்புக்கும் அப்பீலே இல்லாத தீர்ப்புக்கும்தான் ரிவ்யூ. அதனால ஒண்ண தேர்ந்தெடுக்கணும், நான் சொல்றது அப்பீல்.

உங்க கேஸ் பாகப்பிரிவினைங்கறதால இன்னும் ஒரு கெடுபிடி இருக்கு. இப்ப வந்திருக்கறது பிரிலிமினரி டிகிரியாத்தான் இருக்கணும், யாருக்கு எவ்வளவு பங்குன்னு மட்டும் சொல்றது. அடுத்து பெரியப்பா பசங்க ஃபைனல் டிகிரிக்கு மனு போடுவாங்க, கோர்ட்டு நியமிக்கற அட்வகேட் கமிஷனர் வயலுக்கு வந்து சர்வேயர வச்சு அளந்து பிரிப்பாரு. அப்போ பாத்துக்கலாம்னு இருந்துடாதீங்க, சிவில் ப்ரொசீஜர் கோட் 97வது பிரிவு என்ன சொல்லுதுன்னா பிரிலிமினரி டிகிரிய எதிர்த்து அப்பீல் போகாதவங்க ஃபைனல் டிகிரி அப்பீல்ல வந்து "அந்தப் பங்கே தப்பு"ன்னு பேச முடியாது. கமிஷனர் வந்து கல்லு நடுறப்போ இந்தப் பத்திரத்த காட்டினா அவரும் கேக்க மாட்டாரு, கோர்ட்டும் கேக்காது. அப்பீல் போட்டாலே எல்லாம் தானா நின்னுடும்னும் நெனைக்காதீங்க, ஃபைனல் டிகிரி வேலைகளுக்கு ஸ்டே, அதாவது தடை உத்தரவு, வேணும்னு தனியா மனு போட்டு வாங்கணும்.

அப்பீல் வருஷக்கணக்கா இழுக்கும்னு சொன்னாருல்ல, இழுக்கலாம்தான், பொய் இல்ல. ஆனா ஸ்டே இருந்தா நிலம் இப்போ யார் கையில இருக்கோ அங்கேயே இருக்கும், உங்க அனுபவத்துலதான் இருக்குன்னா அவசரம் உங்களுக்கு இல்ல. சப் கோர்ட்டுலயும் தோத்தா ஹைகோர்ட்டோட மதுரை பெஞ்சுக்கு செகண்ட் அப்பீல் இருக்கு, ஆனா அங்க சட்டக் கேள்வி இருந்தாதான் எடுப்பாங்க, சாட்சி ஆவணம்னு முழுசா பேசக் கெடைக்கற கடைசி இடம் இந்த சப் கோர்ட்டுதான். அதனால ரூல் 27 மனுவ கடைசி நேரத்துல விவாதம் முடிஞ்ச பிறகு போடாம அப்பீலோட சேத்தே போடச் சொல்லுங்க.

ரிவ்யூவே வீண்னு நான் சொல்றதா நெனச்சுக்காதீங்க, அது ஜெயிச்ச எடங்களும் இருக்கு, அந்த எடங்கள பாத்தாலே அதோட அளவு புரியும். நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சது நீட். வேலூர் சிஎம்சி போட்ட கேஸ்ல 2013 ஜூலை 18ம் தேதி, தலைமை நீதிபதி அல்தமஸ் கபீர் ஓய்வு பெற்ற அன்னைக்கு, மூணு பேர் பெஞ்சுல ரெண்டுக்கு ஒண்ணுன்னு நீட் செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. அதுக்கு ரிவ்யூ போட்டாங்க, 2016 ஏப்ரல் 11ம் தேதி அஞ்சு பேர் பெஞ்சு அந்தத் தீர்ப்ப திரும்பப் பெத்துக்கிச்சு. அந்த பெஞ்சுக்கு தலைமை வகிச்சவரு நீதிபதி அனில் தவே, 2013ல மாறுபட்ட தீர்ப்பு எழுதினவரு. சொன்ன காரணம் என்னன்னா, பெரும்பான்மைத் தீர்ப்பு கட்டுப்பட வேண்டிய சில முன் தீர்ப்புகள கணக்குல எடுக்கல, தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி பெஞ்சுல இருந்த நீதிபதிகளுக்குள்ள கலந்து பேசவே இல்ல. அந்த வருஷமே நீட் நடந்துச்சு, அடுத்த வருஷம் நம்ம பிள்ளைங்க தலையிலயும் விழுந்துச்சு. அந்த முடிவு எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான், ஆனா ரிவ்யூவுக்கு எவ்வளவு பலம் இருக்குன்னு அதுலதான் தெரிஞ்சுது.

உயிர் போற கேஸ்ல ரிவ்யூவோட மதிப்பு இன்னும் பெருசு. சுப்ரீம் கோர்ட்டுல ரிவ்யூ மனுவ சாதாரணமா நீதிபதிகள் அவங்க சேம்பர்லயே படிச்சு முடிவு பண்ணிடுவாங்க, வக்கீல் வாதமே கிடையாது. தூக்கு தண்டனை ரிவ்யூன்னா மட்டும் ஓப்பன் கோர்ட்டுல வாதம் கேக்கணும்னு 2014ல ஒரு அரசியல் சாசன பெஞ்சு சொல்லுச்சு, அதுக்கு அப்புறம்தான் சில கதவு தெறந்துச்சு. மகாராஷ்டிராவுல நாடோடி சமூகத்த சேந்த ஆறு பேருக்கு 2009ல சுப்ரீம் கோர்ட்டே தூக்குன்னு தீர்ப்பு சொல்லுச்சு, பிற்பாடு ரிவ்யூல அந்தத் தீர்ப்ப திரும்பப் பெத்து மறுபடி கேட்டு 2019 மார்ச்சுல ஆறு பேரையும் நிரபராதின்னு விட்டுச்சு, ஆளுக்கு 5 லட்சம் நஷ்ட ஈடும் குடுக்கச் சொல்லுச்சு. நம்ம கடலூர் மாவட்டத்துல ஒரு சின்னப் பையன கடத்திக் கொன்ன கேஸ்லயும் 2023 மார்ச்சுல ரிவ்யூ கேட்டுத்தான் தூக்கு, குறைஞ்சது 20 வருஷம் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனையா மாறுச்சு. ரிவ்யூவும் போன பிறகு சுப்ரீம் கோர்ட்டுல கடைசியா க்யூரேட்டிவ் மனுன்னு ஒண்ணு இருக்கு, 2002ல கோர்ட்டே உண்டாக்கினது, அது ஜெயிக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம், 2024 ஏப்ரல்ல டெல்லி மெட்ரோ கேஸ்ல ஜெயிச்சுது. இதெல்லாம் அதுக்கு மேல போக எடமே இல்லாத கோர்ட்டுல நடந்தது, அங்க பிழை திருத்த வேற வழி இல்ல. உங்களுக்கு அப்படி இல்ல, மேல ரெண்டு கோர்ட்டு இருக்கு.

தம்பி விஷயம். கிரிமினல் கேஸ்ல தீர்ப்புல கையெழுத்து போட்ட பிறகு அதே கோர்ட்டு எழுத்துப் பிழை கணக்குப் பிழைய தவிர எதையும் மாத்த முடியாது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 362வது பிரிவு, அதுக்கு பதிலா 2024 ஜூலையில வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 403. அதனால மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல ரிவ்யூங்கற பேச்சுக்கே எடமில்ல. செக் கேஸ்ல தண்டனைன்னா செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல், அதுக்கும் 30 நாள். தண்டனைய நிறுத்தி வைக்கச் சொல்லி அப்பீலோடயே மனு போடணும், அபராதத் தொகையிலயோ நஷ்ட ஈட்டுத் தொகையிலயோ குறைஞ்சது 20 சதவீதம் கட்டச் சொல்ல அப்பீல் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு, அதுக்கு பணம் தயார் பண்ணி வச்சுக்கச் சொல்லுங்க. செஷன்ஸ்லயும் போச்சுன்னா ஹைகோர்ட்டுல ரிவிஷன், 90 நாள் கெடு, பேப்பர்ல குற்றவியல் சீராய்வு மனுன்னு போடுறது இதத்தான். எதிராளியோட பேசி பணத்த குடுத்து சமாதானமா முடிக்க எந்த கட்டத்துலயும் வழி இருக்கு, செக் கேஸ்ல அத யோசிக்கறது நல்லது.

வக்கீல் செலவுக்கு யோசிச்சு தள்ளிப் போடுறீங்களோன்னு கடிதத்த படிக்கறப்போ தோணுச்சு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துல 12வது பிரிவு, உங்களுக்கும் அம்மாவுக்கும் அத்தைக்கும் எல்லாருக்கும் பொருந்தும். கோர்ட்டு வளாகத்துலயே வட்ட சட்டப் பணிகள் குழு ஆஃபீஸ் இருக்கும், ஆதார் கார்டும் தீர்ப்பு நகலும் எடுத்துட்டுப் போங்க, இல்ல 15100க்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க. முன்னாடி கேஸ் நடத்தின வக்கீல்கிட்டேருந்து கேஸ் கட்டு வாங்கறப்போ மரியாதையா கேட்டு வாங்குங்க, என்னென்ன பேப்பர் வாங்கினோம்னு ஒரு லிஸ்ட் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்குங்க.

பத்திரத்த லேமினேட் பண்ணிடாதீங்க, மடிப்புல டேப் ஒட்டாதீங்க, அதுல இருக்கற முத்திரை, ரிஜிஸ்ட்ரார் சீல், விரல் ரேகை எல்லாம் அப்படியே இருக்கணும். நாளைக்கே அதுல இருக்கற பத்திர நம்பர், வருஷம், புக் நம்பர குறிச்சுக்கிட்டு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆஃபீஸ்ல சர்டிஃபைடு காப்பிக்கு மனு போடுங்க, ரூல் 27 மனுவோட ஒரிஜினலையும் காப்பியையும் சேத்து காட்டினா இது இப்ப தயாரிச்ச பேப்பர்னு யாரும் வாய் தெறக்க முடியாது. அத்தைக்கும் வயசாயிருக்கும், பெட்டி எப்போ யார் தெறந்தது, பத்திரம் எப்படி அங்க வந்துச்சு, உங்க அப்பா அவங்ககிட்ட குடுத்து வச்சாரா, இதெல்லாம் அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கறப்போவே வக்கீல் ஆஃபீஸ் கூட்டிட்டுப் போய் அவங்க பேர்ல ஒரு அஃபிடவிட் போட்டு வாங்கிடுங்க.